பெரட்டில் பெயர் இல்லாத ஆள்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

அக்கரைத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, பெர்ரியிலும் பாலத்திலுமாகக் கடல் தாண்டித் தண்ணீர்மலை அடிவாரம் வரை வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களுமான என் அன்புச் செல்வங்களே!

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் "நன்றாகப் படியுங்கள், நாட்டுக்கு உழையுங்கள்" என்று சொல்லி, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது வழக்கம். அதை உங்கள் தலைமையாசிரியர் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நானும் வந்து சொல்வதில் பயனில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். அதைப் பற்றிச் சொல்கிறேன். பின்வரிசையில் இருக்கும் அம்மாமார்கள் புரியாவிட்டால் கையைத் தூக்குங்கள், வெட்கமே வேண்டாம்.

என் தொழில் பரீட்சை வைப்பது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராமுக்குப் பரீட்சை. மென்பொருள் என்று இப்போது அழகாகச் சொல்கிறோம். இன்ன நேரத்தில் இன்னது செய் என்று வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள், அவ்வளவுதான். வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்து காடியின் பிரேக் வரை, ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து இறக்கும் கருவியிலிருந்து பேங்கில் பணம் கக்கும் மெஷின் வரை, இன்று எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் கட்டளைகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் நான்.

சாலையைக் கடக்கப் பொத்தானை அழுத்துகிறோமே, அந்த விளக்கை எடுத்துக்கொள்வோம். அதற்குள்ளே ஒரு புரோகிராம் இருக்கிறது. அதை எழுதியவரிடம் இரண்டு கட்டளைகள் கொடுத்திருப்பார்கள். ஒன்று: பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட நேரத்துக்குள் நடப்பவருக்குப் பச்சை வரவேண்டும். இன்னொன்று: காடிக்கும் நடப்பவருக்கும் ஒரே நேரத்தில் பச்சை எந்தக் காலத்திலும் வரவே கூடாது. முதலாவது, அந்தப் பொருள் செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது, அது செய்யவே கூடாத தீங்கு. தொழிலில் இவற்றைச் செயல் தேவை, பாதுகாப்புத் தேவை என்று பிரித்துத்தான் எழுதுவோம்.

இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சோதிக்கும்போது வித்தியாசம் தெரியும். முதலாவதை நான் உங்கள் கண்முன்னே செய்து காட்டலாம். பொத்தானை அழுத்துவேன், பச்சை வரும், நீங்கள் கைதட்டுவீர்கள். இரண்டாவதை எப்படிக் காட்டுவது? நடக்கும் என்பதை ஒரு தடவை நடத்திக் காட்டலாம். நடக்கவே நடக்காது என்பதை எத்தனை தடவை காட்டினால் போதும்? ஒரு பையன் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவிட்டால்? பத்துப் பேர் சேர்ந்து பத்துத் தடவை அழுத்தினால்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கணத்தில் அழுத்தினால்? அழுத்திய நொடியில் கரண்ட் போய் மறுநொடி திரும்பி வந்தால்? கேட்டுக்கொண்டே போகலாம். சாலையில் நின்று கையால் அழுத்திப் பார்த்தால் ஆயுசு போதாது.

அதனால் இன்னொரு புரோகிராம் எழுதுகிறோம். அதற்கு வேலையே முதல் புரோகிராமைக் கேள்வி கேட்பது. ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதி வைப்போம். இயந்திரம் கேட்கும், பதிலை ஒப்பிடும், ஒத்துவராத இடத்தில் சிவப்புக் கோடு போடும். நாமெல்லாம் படுத்துத் தூங்கும் நேரத்தில் அது ஆயிரக்கணக்கான கேள்விகளைக் கேட்டு முடித்திருக்கும். காலையில் போய்ச் சிவப்புக் கோடுகளை மட்டும் பார்த்தால் போதும். தானியங்கிச் சோதனை என்பது இதுதான்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோலைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நேற்று வந்தவனாயிற்றே, இன்றைக்கும் வந்திருப்பான் என்று எவர் பெயரையும் விட்டுவிட மாட்டார். எங்கள் சோதனையும் அதே பெரட்டுத்தான். புரோகிராமில் யாராவது ஒரே ஒரு வரியை மாற்றினாலும், அன்று இரவு பழைய கேள்விகள் அத்தனையையும் முதலிலிருந்து கேட்போம். இங்கே ஒரு வரியைத் திருத்தினால் எங்கோ மூலையில், சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் போய் உடையும். அது இந்தத் தொழிலில் தினசரி நடப்பது. ஒரு பிழை அகப்பட்டால் அதைத் திருத்துவதோடு விடமாட்டோம். அதைப் பிடிக்கும் கேள்வியையும் பெரட்டில் ஒரு பெயராகச் சேர்த்துவிடுவோம். பிறகு அந்தப் பெயரை அடிப்பதில்லை.

பெரட்டில் ஒரு குறை உண்டு. செக்ரோலில் பெயர் எழுதாத ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் காட்டில் கிடந்தாலும் சரி, காணாமல் போனாலும் சரி, கணக்கு சரியாகத்தான் வரும். இந்தக் குறையால் உலகத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1969-இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாமல் இளைஞர்கள் தெருவில் நின்ற காலம் அது. அந்த ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வெளிநாட்டு மின்னணுக் கம்பெனிகளைக் கூப்பிட்டார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்தது. நெல் விளைந்த இடத்தில் இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி என்று தொடக்கத்திலேயே எட்டுக் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகளும் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சில பாட்டிமார்களும் அந்த பஸ்ஸில் போனவர்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

அங்கே செய்த வேலையில் பாதி, சில்லுகளைக் கூட்டிக் கட்டுவது, மறுபாதி சோதிப்பது. ஒவ்வொரு சில்லையும் சோதனை இயந்திரத்தின் குழியில் வைப்பார்கள். இயந்திரம் மின்சாரத்தால் கேள்வி கேட்கும். வந்த பதிலை, வரவேண்டிய பதிலோடு ஒப்பிடும். நல்லது ஒரு தட்டுக்கு, கெட்டது இன்னொரு தட்டுக்கு. பலவீனமானவை சீக்கிரம் செத்துத் தொலையட்டும் என்று சூட்டில் வைத்து வாட்டுவதும் உண்டு. இன்றைக்குச் சோதனை இயந்திரங்களையே வடிவமைக்கும் கம்பெனிகள் பினாங்கில் இருக்கின்றன. 2000-இல் இங்கேயே தொடங்கிய விட்ரோக்ஸ் இப்போது பத்து காவானில் இருக்கிறது. பத்து காவான் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்பும் தொழிலில் 1994-இல் ஒரு பூகம்பம் வந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். 11, 13, 17, 19 என்று ஜோடியாக வரும் பகா எண்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பற்றி நீண்ட கணக்கொன்றைப் பல கம்ப்யூட்டர்களில் போட்டு வந்தார். அந்த ஆண்டு, இன்டெலின் புதிய பெண்டியம் சில்லு வைத்த கம்ப்யூட்டர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். கணக்கு ஒத்து வரவில்லை. மனிதர் விடவில்லை. தன் புரோகிராமைச் சந்தேகித்தார், கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களைச் சந்தேகித்தார், மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தச் சில்லே வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போடுகிறது என்று அக்டோபரில் வெளியே சொன்னார்.

பிள்ளைகளே, நீங்கள் நீள வகுத்தல் எப்படிப் போடுகிறீர்கள்? எத்தனை தடவை போகும் என்று முதலில் ஊகிக்கிறீர்கள், பெருக்குகிறீர்கள், கழிக்கிறீர்கள், அடுத்த இலக்கத்துக்குப் போகிறீர்கள். அந்தச் சில்லும் ஏறத்தாழ அப்படித்தான் செய்தது. ஊகிப்பதற்கு மட்டும் உள்ளேயே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அதில் 1066 கட்டங்களில் எண் இருக்க வேண்டும். 5 கட்டங்களில் எண் ஏறாமல் போய்விட்டது. கணக்கு அந்த 5 கட்டங்களில் ஒன்றைத் தொட்டால் விடை கெட்டது. தொடாவிட்டால் எல்லாம் சரி.

வீட்டுக்குப் போய்க் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 4195835-ஐ 3145727-ஆல் வகுங்கள். வந்த விடையைத் திரும்ப 3145727-ஆல் பெருக்குங்கள். பழையபடி 4195835 வரவேண்டும். அதிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். அந்தச் சில்லில் பூஜ்யம் வரவில்லை, 256 வந்தது.

இன்டெல் சோதிக்காமலா விட்டது? சோதித்தார்கள். ஆனால் ஏதோ இரண்டு எண்களை எடுத்து வகுத்தால், சுமார் 900 கோடி கணக்கில் ஒன்றில்தான் இந்தப் பிழை தலைகாட்டும். ஆலையில் ஒவ்வொரு சில்லையும் சோதித்தார்களே என்றால், அந்தச் சோதனை கேட்ட கேள்வி வேறு: "இந்தச் சில்லு வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா?" இருந்தது. வரைபடமே தப்பு. எந்த நாட்டு ஆலையில், எத்தனை கெட்டிக்கார ஓப்பரேட்டர் சோதித்திருந்தாலும் அது தேறியிருக்கும். காணாமல் போன 5 பேர் செக்ரோலிலேயே இல்லை, பாருங்கள்.

சாதாரண ஆளுக்கு 27,000 வருடத்தில் ஒரு தடவைதான் இது வரும் என்று கம்பெனி முதலில் சொல்லியது. தேவை என்று காட்டுகிறவருக்கு மட்டும் மாற்றிக் கொடுப்போம் என்றது. ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 20-ஆம் தேதி, கேட்கிற எல்லாருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். கணக்கில் எழுதிய நட்டம் 47 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர். அதற்குப் பிறகுதான், கேள்வி கேட்டு மட்டும் மாளாது, இந்தக் கணக்கு எந்த எண்ணுக்கும் தப்பாது என்று வடிவியலில் தேற்றம் நிறுவுவதுபோல நிறுவிவிட வேண்டும் என்ற முறை சில்லுத் தொழிலில் வேகம் பிடித்தது.

அது பண நட்டத்தோடு போயிற்று. இனி நான் சொல்லப்போவது அப்படியல்ல. பிள்ளைகள் முன்னால் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

கனடாவில் தெராக்-25 என்று ஒரு கருவி செய்தார்கள். புற்றுநோய்க் கட்டியைக் கதிர்வீச்சால் பொசுக்கும் கருவி. அதற்கு முந்திய தெராக்-20-இல், தப்பான அளவில் கதிர் பாயாமல் தடுக்கத் தனியாக மின் தடுப்புகளும் இரும்புத் தடுப்புகளும் இருந்தன. புதிதில் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரிக்குள் ஆறு நோயாளிகள் மேல் தாங்கவே முடியாத அளவு கதிர் பாய்ந்தது. டெக்சஸில் டைலர் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 1986 மார்ச்சில் ஒருவர். ஏப்ரலில் இன்னொருவர். இருவரும் இறந்துபோனார்கள். திரையில் அப்போது தெரிந்ததெல்லாம் "கோளாறு 54" என்ற ஒரு வரி. அதற்கு என்ன பொருள் என்று கருவியை இயக்கியவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

முதல் விபத்துக்குப் பிறகு கம்பெனி எஞ்சினியர்கள் வந்து சோதித்தார்கள். கோளாறு வரவேயில்லை. கருவி நன்றாக இருக்கிறது என்று முடிவாகி, திரும்ப வேலைக்கு விட்டார்கள். இரண்டாவது விபத்துக்குப் பிறகு, அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகரும் கருவியை இயக்கும் பெண்ணும் விசைப்பலகை முன்னே உட்கார்ந்து, அன்று செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் பிடித்துவிட்டார்கள். சங்கதி வேகத்தில் இருந்தது! அந்த அம்மாவுக்குத் தினமும் செய்து பழகிய கை. ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டி, மேலே போய்த் திருத்தி, மடமடவென்று முடித்துவிடுவார். எட்டு வினாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால் கருவியின் ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தமே போய்ச் சேரவில்லை. எஞ்சினியர்கள் நிதானமாகத் தட்டினார்கள். நிதானமாகத் தட்டினால் அந்தப் பிழை வராது.

இதைவிட ஒரு செய்தி. அதே பிழை பழைய தெராக்-20-இலும் இருந்ததாம். அங்கே பியூஸ் போயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் எவருக்கும் தெரியவுமில்லை.

"வேகமாகத் தட்டினால் என்ன ஆகும்?" என்ற கேள்வியை எழுதாமல் விட்டது படித்தவர்கள். அந்தக் கேள்வியைத் தன் விரலில் வைத்திருந்தது, தினமும் அந்த வேலையைச் செய்த ஒரு பெண்.

எனக்கு இது ஆச்சரியமில்லை. நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், எது என்று கேட்காதீர்கள், செபராங் பிறைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா ஓப்பரேட்டராக இருந்தார். நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மெஷின் கணக்கும் என் கணக்கும் ஒத்து வரல" என்றார். மெஷின் எண்ணுகிறதே, நீங்கள் ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "பழக்கம்" என்றார். சில்லு சிக்கிக்கொண்டால் கதவைத் திறந்து எடுத்துவிட்டு மூடுவார்கள். மெதுவாக மூடினால் ஒன்றுமில்லை. ஷிப்ட் முடியும் அவசரத்தில் சட்டென்று மூடினால், கணக்கு ஒன்று நகர்ந்து, கெட்ட சில்லு நல்ல தட்டில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் சோதனைப் பட்டியலில் கதவு இருந்தது, சிக்கல் இருந்தது. ஷிப்ட் முடியும் அவசரம் இல்லை. அன்று மாலையே சேர்த்தோம். அந்த அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

இனி நிலவுக்குப் போவோம்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, இந்தியாவின் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் என்ற இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. இஸ்ரோ தலைவர் அழுததையும் பிரதமர் கட்டிப்பிடித்துத் தேற்றியதையும் டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். நிலவில் இறங்கும்போது பூமியிலிருந்து எவரும் கைகொடுக்க முடியாது. செய்தி போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேலாகிறது. இறக்கும் வேலை முழுக்க உள்ளே இருக்கும் புரோகிராமுடையது. என்ன நடந்தது என்று பின்னால் இஸ்ரோ தலைவரான சோமநாத் 2023-இல் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. சிறு சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடின. கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று புரோகிராமில் வரம்பு போட்டிருந்தார்கள். இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அங்கேயே போய்ச் சேர வேண்டுமென்று வேகத்தைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு கட்டளையும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் ஒரு நிலைமை பட்டியலில் இல்லை.

அடுத்த கலத்துக்கு அவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்பதிலிருந்து தொடங்காமல், எதெது கெடலாம், கெட்ட பிறகும் எப்படி இறங்கும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். ஓர் உணர்கருவி செத்தால்? எஞ்சின் ஒன்று மக்கர் செய்தால்? கணக்கே தப்பினால்? இறங்கும் இடத்தை நீளத்தில் 4 கிலோமீட்டர், அகலத்தில் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் என்று அகலப்படுத்தினார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒத்திகை பார்த்ததோடு நிற்கவில்லை. உணர்கருவிகளை ஹெலிகாப்டரில் தூக்கிப் போய்ச் சோதித்தார்கள். மாதிரிக் கலத்தை உயரமான கிரேனில் தொங்கவிட்டு, எஞ்சினை எரித்துச் சோதித்தார்கள்.

கால்களைச் சோதிக்க நிலவின் மண் வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் விலை எட்டாது. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கிராமங்களில் இருக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையைப் போன்றது என்று புவியியல் அறிஞர்களுக்குத் தெரியும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் உதவியோடு அந்தப் பாறையைப் பொடித்து, சுமார் 50 டன் அனுப்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 பூப்போல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். ரயில்வே பள்ளிக்கூடத்தில் படித்து, டிப்ளமா முடித்து, பிறகு படிப்படியாக ஏறியவர். சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் வனிதாவும் தமிழ்நாட்டுக்காரர்தான். பத்திரிகைகள் இறங்கிய கலத்தைத்தான் கொண்டாடின. எனக்கென்னவோ இறங்காத கலத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அது எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கொண்டுதான் மற்றது இறங்கியது.

இதையெல்லாம் தோட்டத்து ஜனங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று ஒருவர் மனதில் நினைக்கலாம். பால் கொட்டகை நினைவிருக்கிறதா? காலையெல்லாம் சீவி, வாளி தூக்கிக் கொண்டுபோய் வரிசையில் நிற்பீர்கள். பாலை நிறுத்துவிட்டு மெட்ரோலாக் கோலை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லும். உண்மையில் அந்தக் கோலுக்கு ரப்பர் தெரியாது. அது அளப்பது பாலின் அடர்த்தியை. அதிலிருந்து ரப்பரை ஊகிப்பது. நம்மவர்களில் எத்தனை பேர் அந்தக் கோலைக் கையில் வாங்கிப் பார்த்திருப்போம்? கிராணி படித்துச் சொன்னதுதான் கணக்கு; அதுதான் சம்பளம். கோல் சரியா தப்பா என்று கேட்கும் கேள்வியே நமக்குத் தெரியாது.

இன்று கோலுக்குப் பதில் புரோகிராம். உங்கள் மின்சாரக் கட்டணத்தை அது எழுதுகிறது, சம்பளச் சீட்டை அது அச்சடிக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்தை அது அளக்கிறது. கேள்வி எழுதும் இடத்தில் நம் பிள்ளைகள் இல்லையென்றால் நம் வீட்டு நிலைமைகள் பட்டியலில் ஏறாது. ஏற்ற மாட்டோம் என்று யாரும் பகையாக நினைப்பதில்லை, தெரியாது, அவ்வளவுதான். டைலர் ஊருக்கு வந்த எஞ்சினியர்களுக்கு அந்த அம்மாவின் விரல் தெரியாததுபோல.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் ஒரு தண்ணீர்க் குழாயின் படத்தைக் காட்டி, "இதை எப்படிச் சோதிப்பாய்?" என்று கேட்பதுண்டு. அதைப் பார்த்துத் திகைத்துப் போகும் பிள்ளைகளில் பலர் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்கள். "சார், கேள்வி என்ன சார்?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கேள்வியை வேறொருவர் கேட்டார், இவர்கள் பதில் மட்டும் எழுதினார்கள். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். சோதனையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பிக்கும் என்று பார்த்தால், அந்த நேரத்துக்கும் ஒரு டியூஷன் வைத்துவிட்டோம்.

நிபோங் திபால் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். மார்க் சுமார்தான். குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தண்ணி வராத நாள்ல திறந்து பார்த்துட்டு, மூட மறந்து வேலைக்குப் போயிட்டா, மத்தியானம் தண்ணி வந்தா என்ன சார் ஆகும்?" என்றான். லயத்தில் பொதுக்குழாயில் வளர்ந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய கேள்வி அது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இருபது கேள்வி கேட்டிருப்பான். இன்று அவன் காடி பிரேக்குக்கான புரோகிராமைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறான். கணக்குப் பாடத்தை அதன் பிறகு விழுந்து விழுந்து படித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி மட்டும் இருந்தால் போதாது; அதை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் எழுத, கணிதமும் ஆங்கிலமும் வேண்டும். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்களின் பெற்றோர்கள் இதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தை, கஷ்டம் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக, விட்டுவிட விடாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறேன். நூலகத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தில் சாலை விளக்கின் அந்த இரண்டு கட்டளைகளை எழுதியிருக்கிறேன். அந்த விளக்கு எந்தெந்த நிலைமையில் தடுமாறும் என்று தோன்றுகிறதோ, அதைக் கேள்வியாக அதில் எழுதுங்கள். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டோம். அம்மா அப்பாவும் எழுதலாம்.

காலையில் நான் மண்டபத்துக்குள் நுழையும்போதே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் கேள்வியை எழுதிவிட்டாள். எழுதியபடியே படிக்கிறேன்: "எங்க பாட்டி மெதுவாத்தான் நடப்பாங்க. அவங்க பாதி ரோட்டுல இருக்கிறப்ப அவங்க பச்சை போயி காருக்குப் பச்சை வந்துட்டா?" நான் எழுதிக் கொடுத்த இரண்டு கட்டளைகளையும் அந்த விளக்கு மீறவில்லை, கவனியுங்கள். பொத்தானை அழுத்தியதும் பச்சை வந்தது. இரண்டு பச்சையும் சேர்ந்து வரவில்லை. பாட்டி மட்டும் நடுரோட்டில் நிற்கிறார். மூன்றாவது கட்டளையை அவள் கேள்விக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் இன்னும் நூற்றுத் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் காலியாக இருக்கிறது.